நான் புன்னகைத்த இடம்

"இசைக்கு மொழி கிடையாது" என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கு ஜெர்மனும் தெரியாது, செக்கும் சரியாக வராது, அப்புறம் எப்படி இந்த இசையெல்லாம் உட்கார்ந்து கேட்கிறாய்?" என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வரிதான் என் பதில். அதை மனதார நம்பித்தான் சொன்னேன். போன அக்டோபரில் ப்ராக் நகரத்து ருடால்ஃபினம் அரங்கில், கால் மணி நேரம்கூட ஓடாத ஒரு படைப்பைக் கேட்டேன். அதில் ஓரிடத்தில், "அப்பாடா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது. ஏன் என்று எழுதித்தான் தெளிய வேண்டும் போலிருக்கிறது.

வேலைக்காக ப்ராகுக்கு வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. எங்கள் மாடியில் எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது 78. இங்கே ஆசிரியையை "பனீ உச்சிதெல்கொ" என்று கூப்பிடுவார்கள். நம் ஊர் டீச்சரம்மா மாதிரிதான், பணி முடிந்து எத்தனை வருடமானாலும் அந்த அழைப்பு மாறாது. என் அரைகுறை செக்கைத் திருத்துவதை அவராகவே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். மாடிப்படியில் நான் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால், பையைக் கீழே வைத்துவிட்டு, சரியாக வரும்வரை நின்று சொல்லவைப்பார். அன்றைக்கு அவருடைய தோழிக்கு முழங்கால் வலி, ஒரு டிக்கெட் மிச்சம். "த்வோர்ஷாக். வருகிறாயா?" என்று கதவைத் தட்டிக் கேட்டார். இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

ருடால்ஃபினம் 1885-ல் திறந்த கட்டிடம், வ்ல்தவா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அதன் பெரிய அரங்குக்கு இன்று செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் பெயர். செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு தன் முதல் கச்சேரியை 1896 ஜனவரி 4 அன்று இங்கேதான் நடத்தியது. தன்னுடைய படைப்புகளை எடுத்துக்கொண்டு அன்று மேடையேறி நடத்தியவர் த்வோர்ஷாக். அதற்கு முந்தைய வசந்தத்தில்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். ஒன்பது சிம்பொனிகள் எழுதி உலகப் புகழ் பெற்றவர், பத்தாவதைத் தொடவில்லை. அந்த 1896-ஆம் ஆண்டிலேயே நான்கு சிம்பொனிக் கவிதைகளை, அதாவது பாடகர் இல்லாமல் இசைக்குழு மட்டுமே வாசித்துக் கதை சொல்லும் படைப்புகளை, அடுத்தடுத்து எழுதினார்: 'நீர்ப்பூதம்', 'உச்சிப்பொழுதுக்காரி', 'தங்க ராட்டை', 'காட்டுப்புறா'. நான்கும் கரெல் யாரோமிர் எர்பென் என்ற கவிஞரின் கதைப்பாடல்களை வைத்து எழுதியவை. எர்பென் ப்ராக் நகர ஆவணக் காப்பாளராக இருந்தவர், நாட்டார் பாடல்களையும் கதைகளையும் தேடித் தேடித் தொகுத்தவர். 1853-ல் வந்த அவருடைய 'கிதித்செ' என்ற சிறிய கவிதை நூல் செக் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது. எனக்கு அன்றைக்கு இது எதுவும் தெரியாது. நிகழ்ச்சித்தாள் முழுக்க செக் மொழியில் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வாசித்தது 'உச்சிப்பொழுதுக்காரி', செக்கில் 'பொலெத்நித்செ'. தொடக்கத்தைக் கேட்டால் ஒரு வீட்டின் முற்பகல் வேளை மாதிரி இருக்கும். கிளாரினெட்டில் சாதுவான ஒரு மெட்டு, கிராமத்து வீட்டில் யாரோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வது போல. சற்று நேரத்தில் ஓபோ குறுக்கே வந்து ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் குத்துகிறது, அடம்பிடிக்கும் குரலில். தந்தி வாத்தியங்கள் சீறுகின்றன. மறுபடி அமைதி, மறுபடி ஓபோ, மறுபடி சீற்றம். நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டென்று எல்லாம் ஒடுங்கிவிட்டது. வயலின்காரர்கள் ஒலியடக்கும் சின்னக் கட்டையை மாட்டிக்கொண்டு மெல்ல நடுங்க நடுங்க வாசிக்க, அடியிலிருந்து பேஸ் கிளாரினெட் ஊர்ந்து வந்தது. முதுகுத்தண்டு சில்லிட்டுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது ஒரு வெறியாட்டமாக ஏறி, உச்சத்தில் மணி அடித்தது. ஆட்டம் நின்றது.

அதற்கு அப்புறம் வந்ததுதான் நான் சொல்லும் இடம். நிதானமான, இதமான இசை. வெயிலில் வேலை முடித்துவிட்டு ஒருவர் தன் வீட்டைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி. அவசரமில்லை, கலக்கமில்லை. கெட்ட கனவு கலைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சாய்ந்து உட்கார்ந்து புன்னகைத்தேன், அந்த நிம்மதியைப் பகிர்ந்துகொள்ள டீச்சரம்மாவின் பக்கம் திரும்பினேன். அவர் மடியில் இருந்த கைப்பையின் பித்தளைக் கொக்கியை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் ரத்தம் வற்றி வெளுத்திருந்தன. கண் மேடையில் இல்லை, மேடைக்குப் பக்கத்தில் மூடியிருந்த கதவில் இருந்தது. பேஸ் கிளாரினெட் வந்தபோதுகூட அவர் இப்படி இல்லை. இந்த இதமான இசைக்குத்தான் அவர் உடம்பு விறைத்திருந்தது. சில நொடியில் மொத்த இசைக்குழுவும் தலையில் இடி விழுந்த மாதிரி வெடித்து, கதை முடிந்தது. நான் ஒன்றும் புரியாமல் கைதட்டினேன். அவர் கைதட்டக் கொஞ்ச நேரம் ஆனது.

தாழ்வாரத்தில் சொன்ன கவிதை

அடுத்து ஒரு கான்செர்ட்டோ. நன்றாகவே வாசித்தார்கள், ஆனால் என் மனசு அதில் ஒட்டவில்லை. இடைவேளையில் தாழ்வாரத்தில் காபி வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றோம். "அந்த மணி அடித்ததற்கு அப்புறம்... ஏன் பயந்தீர்கள்?" என்று என் செக்கில் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குக் கதை தெரியாதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். கோப்பையைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு, வகுப்பில் நிற்பது போல நின்று, மெல்லிய குரலில் ஆரம்பித்தார்: "உ லவித்செ தீத்யெ ஸ்தாலொ..." பெஞ்சுப் பக்கம் குழந்தை ஒன்று நின்றது, தொண்டை கிழியக் கத்தியது. அங்கிருந்து நிறுத்தாமல் முழுக் கவிதையையும் சொன்னார். பக்கத்தில் வைன் கோப்பையோடு நின்ற ஒரு பெரியவரின் உதடும் கூடவே அசைவதைப் பார்த்தேன்.

கதை இவ்வளவுதான். உச்சி நேரம் நெருங்குகிறது. அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள், குழந்தை கத்துகிறது. "சும்மா இரு, இதோ குதிரைவீரன் பொம்மை, இதோ வண்டி, இதோ சேவல்" என்று கொடுக்கிறாள். சேவலும் வண்டியும் வீரனும் மூலையில் போய் விழுகின்றன. "அப்பா வேலையிலிருந்து வரும் நேரம், உன்னால் என் அடுப்பு அணைகிறது" என்று புலம்புகிறாள். கடைசியில் பொறுமை போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறாள்: "வா, உச்சிப்பொழுதுக்காரி, வந்து இந்த அடங்காப்பிடாரியைத் தூக்கிக்கொண்டு போ." நம் வீடுகளில் பூச்சாண்டியைக் கூப்பிடுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உச்சி வேளையில் வெளியே திரியாதே என்று நம் பாட்டிகள் சொன்ன அதே வேளைதான் இவளுக்கும். கூப்பிட்டதும் கதவு மெல்லத் திறக்கிறது. குள்ளமாக, பழுப்பாக, முக்காடுக்கடியில் கொடூர முகத்தோடு, கோணல் காலோடு, கோலூன்றிக்கொண்டு ஒருத்தி உள்ளே வருகிறாள். "குழந்தையைக் கொடு" என்கிறாள். அம்மா குழந்தையை நெஞ்சோடு இறுக்குகிறாள், இன்னும் இறுக்குகிறாள். மணி பன்னிரண்டு அடிக்கிறது. கதவுக் கைப்பிடி சடக்கென்கிறது. அப்பா வருகிறார். தரையில் அம்மா மயங்கிக் கிடக்கிறாள், நெஞ்சோடு ஒட்டிக் குழந்தை. அவளை எப்படியோ எழுப்பிவிடுகிறார். கடைசி வரியை டீச்சரம்மா பாதியில் நிறுத்தினார். "அவ்ஷக் தீத்யெ..." ஆனால் குழந்தை... ஒரு மூச்சு விட்டு, கடைசிச் சொல்லைச் சொன்னார்: "ஸல்க்னுதொ." மூச்சு முட்டி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் புன்னகைத்த அந்த இசை, அப்பா வீட்டுக்கு நடந்து வரும் இசை. கதவுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதனால் அந்த இசைக்கும் தெரியாது. அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். த்வோர்ஷாக் அந்த இடத்தில் ஒரு சுரத்தில்கூட எச்சரிக்கை வைக்கவில்லை, வைத்திருக்கவும் கூடாது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஒரு கூட்டத்தை நம்பித்தான் அவர் அதை அவ்வளவு சாந்தமாக எழுதியிருக்க முடியும். சூனியக்காரியின் பயம் மொழி தெரியாத எனக்கும் வந்துவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அமைதிக்குத்தான் தேவைப்பட்டது.

லான், பான்

இடைவேளை மணி அடித்ததும் என் முழங்கையைப் பிடித்து, "அடுத்தது தங்க ராட்டை. ஒரே ஒரு வரி சொல்லித்தருகிறேன், கேட்டுக்கொள்" என்றார். "ஓகொலொ லெசா பொலெ லான், ஹொய் யெதெ, யெதெ ஸ் லெசா பான்." காட்டைச் சுற்றி வயல்வெளி, காட்டிலிருந்து குதிரையில் வருகிறார் பிரபு. நான் திருப்பிச் சொன்னேன். "லன் இல்லை, லான். பன் இல்லை, பான். பன் என்றால் வெறும் திருவாளர். பான் என்றால் பிரபு, எஜமான்" என்று திருத்தினார். எனக்குச் சிலிர்த்தது. குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறும் என்பதைத் தமிழில் பிறந்த ஒருவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செக் மொழியிலும் அதே கதைதான். அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில், ஆனால் நெடில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அழுத்தம் ஒரு பக்கம், நீளம் இன்னொரு பக்கம் என்று அந்த மொழி நடக்கும்போதே ஒரு தாளம் விழுகிறது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். செல்லோக்கள் குதிரைக் குளம்படி மாதிரி தட்டத் தொடங்கின, மேலே ஹார்ன்கள் ஏறின. ஓகொலொ லெசா பொலெ லான். சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை, அப்படியே உட்கார்ந்திருந்தது. வரியின் கடைசியில் ஹார்ன் நின்று நிதானித்தபோது எனக்கு 'லான்' என்றுதான் கேட்டது. நெடில். டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினார்.

இது தற்செயலாக அமைந்தது இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நான்கு படைப்புகளிலும் பல மெட்டுகளை த்வோர்ஷாக் எர்பெனின் வரிகளுக்கே நேரடியாகப் போட்டிருக்கிறார். பாட்டு எழுதுகிற மாதிரி சொல்லுக்கு மெட்டமைத்து, அப்புறம் சொல்லை எடுத்துவிட்டு மெட்டை வாத்தியத்திடம் கொடுத்துவிட்டார். குரல் போய்விட்டது, நாக்கு அங்கேயே இருக்கிறது. நம் கச்சேரிகளில் நாதஸ்வரமோ வயலினோ ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது சபையில் பாதிப் பேர் வாய்க்குள் சாகித்யத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் இல்லையா? அதே அனுபவம் இங்கே தொண்ணூறு பேர் இசைக்குழுவோடு நடக்கிறது. இத்தனை வருடம் நான் நாதஸ்வரம் கேட்டபோது எனக்குள் சொல்லும் சேர்ந்தேதான் ஓடியது. அதை இசை என்று மட்டும் நினைத்திருந்தேன்.

தங்க ராட்டை நீளமான படைப்பு, ஏறக்குறைய 27 நிமிடம். ஒரு பெண்ணைக் கொலை செய்து அவளுடைய கை, கால், கண்ணை எடுத்துக்கொண்ட மாற்றாந்தாயிடம், ஒரு சிறுவன் மூன்று முறை போய் ராட்டையின் பாகங்களைக் கொடுத்து அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிவருகிறான். இசையும் மூன்று முறை போகிறது, வருகிறது. இது ரொம்ப நீளம் என்று த்வோர்ஷாக்கின் மருமகன் யோசெஃப் சுக் சில பகுதிகளை வெட்டி ஒரு வடிவம் செய்தார், அதையும் நெடுநாள் வாசித்தார்கள். வெட்டாமல்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. பாட்டி கதை சொல்லும்போது மூன்றாவது முறை போவதை யாராவது தாண்டிப் போகச் சொல்வார்களா?

17-ஆம் எண் டிராம்

திரும்பும்போது 17-ஆம் எண் டிராமில் ஏறினோம். ஆற்றை ஒட்டியே போகும். தேசிய நாடக அரங்கைத் தாண்டும்போது டீச்சரம்மா சன்னலைக் காட்டினார். பக்கத்தில் ஆற்றுக்கு நடுவே இருப்பது ஜோஃபீன் தீவு. இன்னொரு செக் இசையமைப்பாளரான ஸ்மெதனாவின் 'என் தாய்நாடு' தொகுப்பில் உள்ள ஆறு சிம்பொனிக் கவிதைகளும் ஒன்றாக முதல்முறை ஒலித்தது அங்கேதான், 1882 நவம்பர் 5 அன்று. 1874-லேயே ஸ்மெதனாவுக்குக் காது முழுதாகப் போய்விட்டது. அதில் ஒன்றான 'வ்ல்தவா'வை, இந்த ஆற்றின் இசையை, அவர் காதால் கேட்டதே இல்லை. "உன் வாதத்துக்கு ஸ்மெதனா உதவுவார் என்று நினைக்காதே" என்றார் டீச்சரம்மா, இடைவேளையிலேயே என் 'இசைக்கு மொழி கிடையாது' வரியை அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு எல்லா ஊரிலும் ஆறுதானே, 'வ்ல்தவா'வைக் கேட்க யாருக்கு என்ன மொழி தெரிய வேண்டும்?

அவர் சொன்னது அந்தத் தொகுப்பின் கடைசி இரண்டைப் பற்றி: 'தாபோர்', 'ப்லனீக்'. இரண்டுமே 15-ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றிய ஹுசைட் போராளிகளின் ஒரு பழைய பாட்டின் மேல் கட்டப்பட்டவை. 'கடவுளின் போர்வீரர்களே' என்று தொடங்கும் பாட்டு. தாபோரில் அந்தப் பாட்டின் முதல் அடி பாறாங்கல் மாதிரி திரும்பத் திரும்ப விழுகிறது. ப்லனீக்கின் முடிவில் வருவதோ அதே பாட்டின் இன்னோர் அடி. அந்த அடிக்கு உரிய சொற்கள்: "கடைசியில் அவரோடு சேர்ந்து எப்போதும் வெல்வீர்கள்." இசைக்குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை ப்ராகுக்குள் வந்தது. ஜூன் 5 அன்று இதே தேசிய நாடக அரங்கில் வாத்ஸ்லவ் தாலிக் 'என் தாய்நாடு' முழுவதையும் நடத்தினார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டல், எல்லாம் முடிந்ததும் மக்கள் தாங்களாகவே தேசிய கீதத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அதன் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது, நான் அப்புறம் தேடிக் கேட்டேன். வெளியே பாடியிருந்தால் பிடித்துக்கொண்டு போயிருக்கக்கூடிய ஒரு வரியை, அந்தக் கூட்டம் ட்ரம்பெட்டிலும் ட்ராம்போனிலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் கம்பீரமான ஒரு முடிவு என்று மட்டும் ரசித்திருப்பேன்.

டிராம் விஷெஹ்ராத் பாறைக்கு அடியில் போனது. மேலே உள்ள கல்லறைத் தோட்டத்தில் ஸ்மெதனாவும் இருக்கிறார், த்வோர்ஷாக்கும் இருக்கிறார். அதற்கு மேல் இருவரும் எதுவும் பேசவில்லை.

ஹான்ஸ்லிக்கோடு ஒரு வழக்கு

அடுத்த சில வாரம் நான் மனதுக்குள் எடுவார்ட் ஹான்ஸ்லிக்கோடு வாதாடிக்கொண்டிருந்தேன். 19-ஆம் நூற்றாண்டு வியன்னாவின் பெரிய விமர்சகர். பிறந்தது ப்ராகில், 1825-ல். எர்பெனின் நூல் வந்து மறு வருடம், 1854-ல், இசையின் அழகைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். ஒலிகளின் அசைவும் வடிவமும்தான் இசையின் உள்ளடக்கம், கதையும் உணர்ச்சியும் வெளியே இருந்து வருபவை என்பது அதன் சாரம். நான் சொல்லிக்கொண்டிருந்த வரியைவிட ஆழமானது, ஆனால் அதே பக்கம் நிற்பது. இளம் வயதில் வறுமையில் இருந்த த்வோர்ஷாக்குக்கு அரசு உதவித்தொகை கிடைக்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். த்வோர்ஷாக் மேல் அவருக்கு இருந்த பிரியம் உண்மையானது. அதனாலேயே 1896-க்குப் பிறகு இந்தக் கதைப்பாடல் படைப்புகளைக் கேட்டு வருத்தப்பட்டார். இவ்வளவு சுத்தமாக இசையிலேயே யோசிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கொடூரக் கதைகள் எதற்கு என்பது அவருடைய ஆதங்கம்.

ஹான்ஸ்லிக் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "நீ சரியாகத்தான் கேட்டாய், அது அமைதியான இசை, நீ அமைதியடைந்தாய்" என்றிருப்பார். கவிதை தெரிந்தால்தான் புரியும் என்றால் அது இசையின் குறை என்றும் சொல்லியிருப்பார். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அந்த வெளுத்த விரல் நுனிகளை நான் பார்த்துவிட்டேன். அவருக்குக் கவிதை வெளியே இருந்து ஒட்டவைத்த விளக்கம் இல்லை. ஏழு வயதில் உள்ளே போனது, காதும் அதுவும் ஒன்றாக வளர்ந்தவை. அவர் கேட்டதும் நான் கேட்டதும் ஒரே ஒலி. அதில் எனக்கு ஒரு பாதி கிடைக்கவேயில்லை, கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. இதில் இரண்டாவதுதான் என்னைக் குடைகிறது. மொழி தெரியாமல் ஒரு கவிதையைப் படித்தால் புரியவில்லை என்றாவது தெரியும். இசையில் அந்த எச்சரிக்கை கிடையாது. தப்பாகக் கேட்டாலும் சந்தோஷமாகவே இருக்கிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர் இன்னொரு இசையமைப்பாளர்தான், லெயொஷ் யனாச்செக். இந்தப் படைப்புகள் வந்த உடனேயே அவற்றை அலசிக் கட்டுரைகள் எழுதினார். 'காட்டுப்புறா'வின் முதல் அரங்கேற்றத்தை 1898 மார்ச்சில் ப்ர்னோ நகரில் நடத்தியவரும் அவர்தான். தெருவில், சந்தையில், ரயில் நிலையத்தில் மனிதர்கள் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் காதால் பிடித்து, அதைச் சுரமாகக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு அந்தக் காலகட்டத்தில்தான் பிடித்துக்கொண்டது. வாத்தியத்துக்குள் பேச்சு இருப்பதை அப்படிப்பட்ட காது தவறவிடாது.

'காட்டுப்புறா'வை நான் கவிதையைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். கணவனுக்கு விஷம் வைத்துவிட்டுப் பொய்யாக அழுது, மறுமணம் செய்துகொண்ட ஒருத்தியின் கதை. செத்தவன் கல்லறை மேல் வளர்ந்த ஓக் மரத்தில் ஒரு புறா தினமும் கூவுகிறது. கூவிக் கூவி அவளை ஆற்றில் தள்ளுகிறது. எர்பென் அவளுக்கு இரக்கம் காட்டவில்லை. அவள் மேல் வைத்த கல்லைவிட அவள் பெயர் மேல் கிடக்கும் சாபம் கனம் என்று சொல்லிக் கவிதையை முடித்துவிடுகிறார். த்வோர்ஷாக் அங்கே முடிக்கவில்லை. சாபம் விழ வேண்டிய இடத்தில் இசை மெல்ல வெளிச்சமாகிறது, அவளை மன்னித்து அனுப்பிவைக்கிற மாதிரி அடங்குகிறது. கவிதை தெரியாதவருக்கு அது அழகான முடிவு. தெரிந்தவருக்கு, ஒரு மனிதர் தான் நேசிக்கிற கவிஞரிடம் முதல்முறையாக "இல்லை" என்று சொல்லும் இடம். அதைக் கேட்டு அழுதேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். காளானும் உருளைக்கிழங்கும் சோம்புக்கீரை மாதிரி வாசமுள்ள ஒரு தழையும் போட்ட பால்நிற சூப், குலாய்தா என்பார்கள். அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தபோது, என் செக்கில் முடிந்தவரை இதையெல்லாம் சொன்னேன். ஹான்ஸ்லிக், யனாச்செக், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"என் பையனுக்கு அப்போ மூணு வயசு" என்றார். இப்போது ஐம்பது தாண்டிய அந்த மகன் ப்ர்னோவில் இருக்கிறார். "இதே சமையலறை. பால் பொங்குது, இவன் தரையில் படுத்துக் கத்துறான். என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது. 'வா, வந்து இவனை...' என்று பாதி சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவனைத் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கதையில் அவளும் அப்படித்தான் கட்டிக்கொண்டாள் என்று. கையைத் தளர்த்தினேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்த நேரம் கதவுக் கைப்பிடி சடக்கென்று திரும்பிச்சு. என் வீட்டுக்காரர்தான், சாப்பிட வந்திருந்தார்."

எழுந்து போய் சூப் பானையின் மூடியை நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு அரங்கத்தில் எனக்குக் கேட்டது அந்தச் சத்தம்."